நாக்ஸோஸ் தீவில் ஆறு சோப்புகள்

மதியக் கப்பல் ஊதிப் போன பிறகு
ஆளுக்கொரு சோப்பும் தேக்கரண்டியும் கொடுத்தேன்.
சுவரில், அருங்காட்சியகத்தில் வாங்கிய படம்:
பளிங்குப் பெண். முகத்தில் மூக்கு மட்டும்.
கைகளை வயிற்றின்மேல் கட்டியிருக்கிறாள்.

"வயிறு வலிக்குது அவளுக்கு" என்றாள் ஃபோட்டினி.
"குளிருது" என்றான் லெஃப்டேரிஸ்.
எர்யோன் ஒன்றும் சொல்லவில்லை;
சுரண்டிய சீவலைத் தின்று பார்த்துத்
துப்பிக்கொண்டிருந்தான்.

கண் இருந்தது, சாயத்தில் வரைந்தது,
ஐயாயிரம் வருஷத்தில் அழிந்துவிட்டது என்றேன்.
ஐயாயிரத்தை விரல்விட்டு எண்ணத் தொடங்கி
ஒரு கையோடு நிறுத்திக்கொண்டார்கள்.
பிறகு நீல மார்க்கரால் எல்லாருமே கண் வைத்தார்கள்,
ஒருத்தி மூன்று.

படத்தில் உள்ளபடி தலை பின்னால் சாய்ந்தது
ஒன்றே ஒன்றுக்குத்தான்,
அதுவும் கழுத்து உடைந்ததால்.

வெள்ளிக்கிழமை காலை
கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான் எர்யோன்.
மீன் ஆய்ந்த கையை அவன் அம்மா
அந்தப் பொம்மையில்தான் தேய்த்தாளாம்,
நாலு நாளாக.
உள்ளங்கையை விரித்தான்.
கண் இல்லை. கட்டிய கை இல்லை.
வழவழவென்று ஒரு மூக்கு.

"டீச்சர், என்னோடது பழசாயிடுச்சு" என்றான்,
பெருமை தாங்காமல்.