கொருக்குப்பேட்டை, இரண்டாம் மாடி

மழை விட்ட இரவு
டியூப்லைட்டுக்குக் கீழே
தன் இறக்கைகளைத் தானே
கழற்றிக்கொண்டிருந்தாள்.

ஈசல் என்று மிதிக்கப் போனான் டெல்லிபாபு.
இருடா, இடுப்பைப் பாரு, நூலு.
முதுகு, மூட்டை தூக்குறவன் தோளு.
இறக்கை இருந்த இடத்தில் தழும்பு.
ராணிடா.

ரத்தம் எடுக்கும் கடையில்
கெஞ்சி வாங்கிய குழாய்.
அடியில் தண்ணீர், பஞ்சு, அப்புறம் அவள்,
வாயில் மறுபடி பஞ்சு.
பழைய நைட்டியில் சுற்றி
அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருட்டு.

சர்க்கரை போடலையா?
வேண்டாம்.
பறந்த சதையைக் கரைத்தே
பிள்ளைக்கு ஊட்டுவாள்.

பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.
கூட்ஸ் போகும்போதெல்லாம்
டம்ளர்கள் நடுங்கும், எனக்கும்.

பதினோராம் நாள் துணியை விலக்கினேன்.
வாயில் ஏதோ கவ்வியிருந்தாள்,
கசகசா போல, வெள்ளையாக.

டெல்லிபாபு டிவி சத்தத்தைக் குறைத்தான்.
கூட்ஸ்காரன்தான்
குறைக்க மாட்டேன் என்கிறான்.