ஏழு பொத்தான்

படிவத்தில் நாற்பது கேள்விகள்.
தானே சாப்பிடுவாரா. தானே குளிப்பாரா.
தானே கழிப்பறை போய் வருவாரா.
இல்லை என்றால் இரண்டு மதிப்பெண்,
ஆம் என்றால் சைபர்.
ஐம்பது வந்தால்தான்
கோட்டையூர் இல்லத்தில் ஒரு கட்டில்.

எந்தப் பள்ளிக்கூடமும் அண்ணனுக்கு
மதிப்பெண் போட்டதில்லை.
முப்பத்தாறு வயதில் முதல் பரீட்சை,
தோற்றால்தான் பாஸ்.

சேவுகன் சட்டை போடக் கற்றுக்கொள்ள
இரண்டு வருஷம் ஆனது.
கீழேயிருந்து தொடங்க வேண்டும்.
மேலேயிருந்து போட்டு வந்தால்
கடைசியில் ஒன்று துளையில்லாமல் மிஞ்சும்.
மிஞ்சினால் அழுவான்.
புதுவயல் ஆலையில் மூட்டை எண்ணி முடித்து
தவிட்டுத் தூசோடு வந்து
அவன் முன்னால் உட்காருவேன்.
கழுத்துப் பொத்தானும் விழுந்த அன்று
கண்டனூர்த் தெரு முழுக்க நடந்து காட்டினான்.
சைக்கிள் கடை காதர் மைதீன்
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

கூட்டிப் பார்த்தேன்.
சட்டைக் கேள்விக்கு ஆம் போட்டால் நாற்பத்தெட்டு.

அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள்
காரைக்குடியில் டயாலிசிஸ்.
நான் வராத நாளுக்கு ஆலையில் கூலியில்லை.
கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறோம்.
திரும்பி வரும்போது
சாவித் துவாரத்தில் ஒரு கண் இருக்கும்.

அலுவலர் வருகிற காலையில் சொன்னேன்:
"சார் கேட்டா கையக் கட்டிக்கிட்டு சும்மா இரு.
பொத்தான் போடாத."
ஏன் என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.
அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக என்னைப் பார்த்தான்.

சிவகங்கையிலிருந்து வந்தவர் நல்ல மனிதர்தான்.
மோர் வேண்டாம் என்றார், பிறகு குடித்தார்.
"தம்பி, சட்டையப் போடுங்க பாப்போம்."
அண்ணன் இரண்டு கையையும்
அக்குளில் செருகிக்கொண்டான்.
உள்ளே விரல்கள் அசைவது எனக்குத் தெரிந்தது.
கீழேயிருந்து. ஒன்று. இரண்டு.
அலுவலர் பேனாவைத் திறந்தார்.

ஆனியில் கடிதம் வந்தது.
பத்துக் கட்டிலில் ஜன்னலோரம் அவனுக்கு.
சுவரில் அட்டவணை:
ஆறு மணிக்கு எழுப்புதல்,
ஆறேகாலுக்கு உடை மாற்றிவிடுதல்.
"எல்லாம் நாங்களே செஞ்சு விட்டுருவோம்,
கவலப்படாதீங்க" என்றார் காப்பாளர் பவுலின் மேரி.
சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.
வருஷத்துக்கு ஒருமுறை
மறுமதிப்பீடு உண்டாம்.

முதல் ஞாயிறு போனேன்.
பூந்தி வாங்கிப் போயிருந்தேன்.
காலையில் போட்டுவிட்ட பொத்தான்களை
எப்போது அவிழ்த்தான் என்று யாருக்கும் தெரியவில்லை,
சட்டை இரண்டு பக்கமும்
மின்விசிறிக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
கைகள் அக்குளில்.
என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.
என் தோளுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு
ரகசியமாகக் கேட்டான்:

"சார் போயிட்டாரா?"