ஒண்ணரை ஷிப்டு

பனியன் ஊர் இது. பனி கிடையாது.
ஐஸ் என்று நான் மொத்தமாகக் கண்டது
பல்லடம் ரோட்டில் மீன் வண்டிக்கு அடியில்
சொட்டிக்கொண்டே போனதைத்தான்.
ஆனாலும் பங்குனி முழுக்க
பனிமேல் மட்டை பிடித்து ஓடுகிறவர்களின் பட்டியலை
நூல் விலை மாதிரி தினமும் பார்த்தேன்.

ஆர்டர் அப்படி.
பன்னிரண்டாயிரம் பீஸ், நூற்றெண்பது ஜிஎஸ்எம்.
நெஞ்சில் கடமான், இல்லையென்றால் நீர்நாய்,
அதன் கீழே 'வந்தே விட்டோம்' என்று அவர்கள் மொழியில்.
எட்டாவது இடம் எதற்குக் கிடைக்கிறதோ அதை அடித்து
மறுநாள் இரவே கோவையில் விமானம் ஏற்ற வேண்டும்.
ரெண்டு ஸ்க்ரீனும் தயார்.
பிஜய் சாயத்தைக் கலக்கியபடி உட்கார்ந்திருந்தான்.

ஞாயிறு, விடியாத நாலரை.
கடமான் எண்பத்திரண்டு ஆட்டமும் முடித்துத்
தொண்ணூற்றொன்றில் நின்றது.
நீர்நாயும் தொண்ணூற்றொன்று, ஒரு ஆட்டம் பாக்கி.
மூணுக்கு மூணு. கூடுதல் நேரம்.
மூணாவது நிமிஷம் எவனோ தட்டிவிட,
நீர்நாய் தோற்றது.
என் கண்ணால் பார்த்தேன்.
"கடமான் போடு பிஜய்" என்றேன்.

பத்து மணிக்கு பையர் மெயில்:
நீர்நாய்.

காலி அட்டைப்பெட்டியின் முதுகில்
கணக்குப் போட்டேன்.
கடமான் ஜெயித்தது நாற்பத்து மூணு. நீர்நாய் நாற்பதுதான்.
ஆனால் கூடுதல் நேரம்வரை இழுத்துத் தோற்றால்
தோற்றவனுக்கும் ஒரு புள்ளி.
நீர்நாய் இழுத்து இழுத்தே பன்னிரண்டு தடவை தோற்றிருக்கிறது.
கடமான் ஐந்தே தடவை;
மற்றபடி நேரத்தோடு தோற்று
வீட்டுக்குப் போய்விடுகிற ரகம்.
எண்பதும் பன்னிரண்டும் தொண்ணூற்றிரண்டு.
எண்பத்தாறும் ஐந்தும் தொண்ணூற்றொன்று.

நேரத்தில் முடிந்த ஆட்டத்தில் பிரித்துக்கொள்ள ரெண்டு புள்ளி,
இழுத்த ஆட்டத்தில் மூணு.
அந்த மூணாவது எந்த குடோனிலிருந்து வருகிறது?
நேரத்துக்குள் ஜெயித்தால் மூணு, இழுத்து ஜெயித்தால் ரெண்டு
என்று வைத்துப் பார்த்தேன்:
கடமான் நூற்றிருபத்தொன்பது, நீர்நாய் நூற்றிருபத்து மூணு.
வெறும் ஜெயத்தை எண்ணினேன். கடமான்.
அவர்கள் போட்டபடி போட்டால் மட்டும் நீர்நாய்.
ஒரு கோல்கூட இடம் மாறவில்லை.

செக்கிங் டேபிளிலிருந்து அருக்காணியக்கா எட்டிப் பார்த்தார்.
"தோத்ததுக்குமாங் கூலி?"
தோத்ததுக்கு இல்லீங்க்கா, நேரங்கழிச்சுத் தோத்ததுக்கு.
"அப்ப நம்ம ஓடி மாதிரின்னு சொல்லு."
காலை எட்டரைக்கு வந்து ராத்திரி எட்டரைக்குப் போனால்
இங்கே அது ஒரு நாள் இல்லை, ஒண்ணரை.
ஆறு நாளில் ஒன்பது நாள் பார்த்தவர் அவர்.
"பீஸ் ரேட்டுக்குப் போன எந்தங்கச்சி
நாலே நாள்ல என்னையத் தாண்டிப்புட்டா.
அதே மிசினுதான். எங்கிட்ட தைக்கக் கத்துக்கிட்ட கைதான்."
முட்டியை நீவிவிட்டுக்கொண்டார்.
"இதுக்கு ஆறும் தெரியாது, ஒம்போதும் தெரியாது."

அடித்துவிட்ட கடமான் ரெண்டாயிரத்து முந்நூறு.
முதலாளி பொங்கியண்ணன் திட்டவில்லை.
"தலைப்புல கட்டங்கட்டமா எழுதியிருந்தானே,
கடைசிக் கட்டத்தைப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.
படிக்கவில்லை.
ஜெயம் என்ற கட்டத்தோடு நின்றுவிட்டேன்.

காதர்பேட்டையில் எடைக்குப் போட்டோம்,
கிலோ நூற்று நாற்பது.
தராசு ஜெயத்தையும் கேட்கவில்லை, புள்ளியையும் கேட்கவில்லை.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை.
மயிலைக் காளை ஒன்றின் கயிற்றைப் பிடித்திருந்தவன்
நெஞ்சில் என் கடமான்.
வந்தே விட்டோம்.
பக்கத்தில் தரகர் துண்டுக்கு அடியில்
இன்னொருவர் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்.
எத்தனை விரல், ஒரு விரலுக்கு எவ்வளவு,
வெளியே நின்ற எனக்குத் தெரியவில்லை.
காளைக்கும் தெரியவில்லை.
அது நேரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.