பெட்ரோல் கணக்கு

பிக்கப் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவானது.
அண்ணன் டெல்மருக்கு முதுகுவலி, கிளட்ச் மிதிக்க முடியாது.
எனக்கு நிறுத்த இடமில்லை.
டாஷ்போர்டு பெட்டியைக் காலி செய்தேன்:
டயர் காற்று பார்க்கும் கருவி,
உறையோடு ஒட்டிப்போன இருமல் மிட்டாய்,
ரப்பர் பேண்ட் போட்ட ஆறு நோட்டுகள்.

தேதி. மைல். கேலன். விலை.
முப்பத்தோரு வருடம், கோழி கிளறிய கையெழுத்தில்.

அறுநூற்றுப் பதினொரு பேர் வாழும் ஊரில்
குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்குப் பொறுப்பு
லூமிர் ஹவ்லிக், என் அப்பா.
வராத நாளில் மட்டும் ஊர் அவர் பெயரைச் சொல்லும்.
ஜனவரியில் மண்ணுக்கடியில் குழாய் வெடிக்கும்;
எங்கள் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு
தட்டு கவிழ்த்து மூடி வைத்திருக்கும்.
நடுராத்திரி, சேற்றுப் பூட்ஸோடு,
விளக்குப் போடாமல் நின்றபடியே சாப்பிடுவார்.
காலையில் தரையில் இருக்கும் தடத்தை
அம்மா திட்டிக்கொண்டே துடைப்பாள்.

நேற்று புனித லுட்மிலா ஆலயத்தின் நிலவறையில்
ஒரு கையில் ஹாம் சாண்ட்விச், மறு கையில் கசகசா கொலாச்சி,
எல்லாரும் சொன்னார்கள்: நல்ல மனிதர்.
நல்ல வாளிதான் அந்தச் சொல்.
தூக்கக் கைப்பிடி இல்லை.

நோட்டில் இருக்கிறது.
'நார்ஃபோக், 94.'
செவ்வாய், வியாழன், சனி. செவ்வாய், வியாழன், சனி.
அம்மாவின் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும் நாட்கள்.
சில வரிகளின் ஓரத்தில்:
'அர்லீன் தூங்கினாள்.'
'ஆலங்கட்டி. கண்ணாடியில் கீறல்.'
'பீச் பழம் கேட்டாள். கிடைக்கவில்லை.'
அடுத்த செவ்வாய்: 'கிடைத்தது.'
ஆறு வருடத்தையும் கூட்டிப் பார்த்தேன்.
பூமியை மூன்று முறை சுற்றி
நான்காவதில் பாதி வந்திருக்கிறார்,
சோளக்காட்டு நடுவே ஒரே சாலையில்.

இதை யாரிடமும் நேற்று சொல்லவில்லை:
என் சிறுநீரகம் அம்மாவுக்குப் பொருந்தும் என்றார்கள்.
தர மாட்டேன் என்றேன்.
இருபத்தாறு வயது, பயம்.
பயத்துக்கு வேறு பெயர்கள் வைத்தேன், பிறகு
மினியாபொலிஸில் ஒரு வேலை வாங்கிக்கொண்டேன்.
அவர் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.
கேட்காதவரிடம் என்ன செய்வது?
போனை எடுப்பதை நிறுத்தினேன்.

நான்காவது நோட்டு, ஒரு பிப்ரவரி,
சனிக்கும் செவ்வாய்க்கும் இடையில்:
'மினியாபொலிஸ், 706. 47 கேலன்.'
ஓரத்தில் பென்சில் அழுத்தாமல்:
'பனி. மூன்றாம் மாடியில் விளக்கு. நடமாட்டம் தெரிந்தது.'
அடுத்த வரி நார்ஃபோக், 94.

அன்றிரவு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?
நினைவில்லை.
மைக்ரோவேவ் முன்னால் நின்றிருப்பேன்.
ஜன்னலை மூடப் போய், கீழே நின்ற வண்டிகளை
வண்டிகளாக மட்டும் பார்த்திருப்பேன்.

அம்மாவைப் புதைக்க வந்து திரும்பியபோது
என் காருக்கு அவர்தான் பெட்ரோல் போட்டார்.
அதுவும் இருக்கிறது: 'அவள் வண்டி, 11 கேலன்.'
அதற்கு மைல் எழுதவில்லை. கட்டம் காலி.

டெல்மரிடம் நோட்டைக் காட்டினேன்.
படித்தான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான்.
அந்த வாரக்கடைசி நினைவிருக்கிறதாம்:
சூ சிட்டியில் யாரோ பழைய பம்ப் விற்கிறார்கள்,
பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பினாராம்.
அம்மாவோடு இவன் இருந்தானாம்.
திங்கள் விடியலில் வெறுங்கையோடு வந்து நின்றாராம்,
மீசையெல்லாம் பனி.

பம்ப் என்னாயிற்று என்று கேட்டானாம்.

'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றாராம்.
'கழற்ற மனசு வரவில்லை.'