நூற்றுக்குப் பதினைந்து

சினோப்பில் ஏற்றினேன், நாற்பத்தொன்பது டன் சோயா.
மிரிதித்துபா படகுத்துறைக்கு ஆயிரம் கிலோமீட்டர்,
ஒரே சாலை.
முதுகில் பயறு.
டேங்கிலும் அதே பயறுதான், எண்ணெயாகி,
டீசலோடு, நூற்றுக்குப் பதினைந்து.
மூட்டையைத் தின்றுகொண்டே மூட்டை சுமக்கிற வண்டி,
எறும்புகூட இப்படிச் செய்யாது
என்பான் ஜெனிவால்டோ.

ஓடுகிறவரை ஒரு குறையும் சொல்லமாட்டேன்.
கஷிம்போ மேட்டில் முனகவில்லை.
முன்னால் போன கிழட்டு லாரி கக்கிய கரி
என் கண்ணாடியில்தான் படிந்தது,
என் புகைக்குழாயில் இல்லை.
அதற்குள் கைக்குட்டையை விட்டுத் துடைத்தேன் ஒருநாள்.
வெள்ளையாகவே வந்தது.
சந்தேகமாக இருந்தது.

நின்றால்தான் வினை.

துறைக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கையில்
வரிசை நின்றது. மழை. மூன்று நாள்.
லாரிகளுக்கு நடுவே காபி விற்றவள்
மூன்று முறை விலையை ஏற்றினாள்.
நான் மல்லாந்து கிடந்து
கூரைத் தகரத்தில் மழை எண்ணினேன்.
கீழே, டேங்கின் இருட்டில்,
அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.
அடியில் தேங்கிய ஒரு கை நீரில்
வாடகை பேசாமல் ஒரு குடும்பம் குடியேறியது.
பெற்றது. பெருகியது.
எண்ணெயும் நீரும் தொடும் கோட்டில்
பழுப்பாய்ப் பாய் விரித்துக்கொண்டது.

நாலாம் நாள் வரிசை நகர்ந்தது.
நான் நகரவில்லை.
ஆரஞ்சு விளக்கு. பிறகு திரையில், வெகு மரியாதையாக:
எரிபொருள் அழுத்தம் குறைவு,
தயவுசெய்து சேவை மையத்தை அணுகவும்.
சேவை மையம் நான் வந்த வழியில்,
எழுநூறு கிலோமீட்டர் பின்னால்.
பின்னால் நின்றவர்களின் ஹாரனில்
அந்த மரியாதை இல்லை.

மயிரிழையிலும் மெல்லிய துளை வழியே
மூச்சுவிடுகிற இஞ்சின் இது.
சுத்தியலால் தட்டினால் கேட்காது.
ஓட்டுநர் நான்,
அதற்குக் காது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

'எந்த வருஷத்து மாடல்?'
காபிக்காரி. ரோசிக்ளெய்தி என்று
குடையில் பெயர் எழுதியிருந்தாள்.
சொன்னேன்.
தள்ளுவண்டியின் அடிப்பெட்டியைத் திறந்தாள்.
மேலே சர்க்கரை, கோப்பைகள்.
கீழே ஃபில்டர்கள், அளவு வாரியாக,
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.
'காபியில் என்ன கிடைக்கும்? இதில்தான் பிழைப்பு.'
விலை சொன்னாள்.
நான் திட்டினேன். அவள் மழையைப் பார்த்தாள்.
நான் எண்ணிக் கொடுத்தேன்.

கீழே படுத்து வடித்தேன்.
முதலில் நீர்,
பிறகு புளிக்கரைசல் போலக் கொழகொழவென்று ஒன்று.
சிக்கு வாடை.
பழைய ஃபில்டர் கையில் கனத்தது,
நனைந்த பறவை அளவுக்கு.

எழும்போது பார்த்தேன்:
பின்சக்கரத்தடியில், சேற்றில்,
தார்ப்பாய் இடுக்கில் ஒழுகிய பயறு
வெள்ளை வால் விட்டிருந்தது. நாற்பது, ஐம்பது இருக்கும்.
சில, தோலைத் தலையில் சுமந்தபடி நிமிர்ந்தே விட்டன.

விற்றாலும் அரைத்தாலும் பிழிந்தாலும்
எங்காவது மூன்று நாள் நிறுத்தினால் போதும்,
இது தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமியது,
பிடித்துக்கொண்டது. ஆரஞ்சு அணைந்தது.
முன்னால் வழி காலி, பின்னால் ஹாரன்.
முளைகளை மிதிக்காமல் வண்டியை எடுக்க
ஒரு முழம்கூட இடமில்லை.