எத்தனையாம் பக்கம்

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் மிதப்பது.
மோட்டார்சைக்கிள்கள், வாழைக்குலை, மூன்று ஆடு
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு
மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து
குருமண்வெளித் துறையில் வந்து முட்டும்.

இறங்குகிறவர் இறங்கி, ஏறுகிறவர் ஏற
நாலு நிமிஷம்.
எங்கள் வாசகர் வட்டம் அவ்வளவுதான்.
உறுப்பினர் இருவர்:
அக்கரைக்குப் போகிற குடும்பநல மருத்துவிச்சி நான்,
இக்கரைக்கு வருகிற
கமநல சேவை நிலையத்துச் சசிவண்ணன்.

"இப்ப என்ன ஓடுது?" என்பார்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
நான் பாதி சொல்வதற்குள் சங்கிலி அவிழும்.
மீதி, பின்னேரம் ஐந்தரைக்கு.

அவருக்குத் தடித்த புத்தகங்களில் நம்பிக்கை.
சொப்பிங் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி,
உரமானியப் படிவத்தை அடையாளம் வைத்துத் தருவார்.
எறும்புகளைப் பற்றி ஒன்று தந்தார், நல்லது.
யாரோ ஒரு மந்திரியின் தன்வரலாறு தந்து
"முதல் அம்பது பக்கம் பல்லைக் கடிங்க" என்றார்.
கடித்தேன்.
ஐம்பத்தோராம் பக்கத்திலும் அதே ஆள்தான் பேசிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் நான் ஒரு நாவல் கொடுத்தேன்.
மலையகத்தில், லயத்தில் நடக்கிற கதை.
"கட்டாயம் வாசிங்க. கீழ வைக்கேலாது."
மூன்று கிழமையாக
நான் அதைக் கீழேதான் வைத்திருந்தேன்,
நாற்பத்தோராம் பக்கத்தில்
குழந்தை நிறை பார்க்கும் வெற்று அட்டை ஒன்றைச் செருகி.

ஒரு மழைக்காலை.
என்ன ஓடுது என்று அவர் கேட்கவில்லை.
"நூத்திப் பன்ரெண்டாம் பக்கம்" என்றார்.
"நீங்க வாசிச்சிட்டுத்தானே தந்தீங்க?"

அவர் மனைவி இன்பவதனிக்கு எட்டாம் மாதம்.
என் பதிவேட்டில் இருக்கிறவள்.
அந்த வயிற்றில் குழாய் வைத்து
துடிப்பு எண்ணுகிறவள் நான்.

"நாப்பத்தொண்டு" என்றேன்.
"நான் நாப்பத்தொண்டு வரைக்கும்தான்."

புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுக்
கிறுகிப் பார்க்காமல் போனார்.

இரவு வாசித்தேன். நூற்றுப் பன்னிரண்டு.
லயத்து அறை, குப்பிவிளக்கு, ஒரு பெண்,
பாயை நனைத்துக்கொண்டு இரத்தம்,
வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு மருத்துவிச்சி.
எழுத்து நல்ல எழுத்து. அதுதான் பிழை.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
இந்த இடத்திலேயே வாகனம் கூப்பிட்டிருக்க வேணும்.
பிறகு, அதைவிடச் சின்னதாக:
நான் கூப்பிடுவன்.
அதற்கு மேல் வாசிக்கவில்லை.

செவ்வாய் கிளினிக்.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினாள் இன்பவதனி.
பதிவேட்டுக்கடியில் நான் ஒளித்ததன் முதுகு
வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களும் இதிலயா நிக்கிறீங்க, அக்கா?
அவர் படுத்தாப்புறகு எடுத்து வாசிச்சன்.
எப்பவோ முடிச்சாச்சி."

அறுபத்தொரு கிலோ. எழுதும்போது
கை பிழைத்து அழித்தெழுதினேன்.

அவள் புரட்டினாள். பென்சிலிடம் வந்தாள்.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நூத்திப் பன்ரெண்டோட இறங்கிப் போக
இது என்ன, துறையடியா?
நூத்தி அறுபது வரைக்கும் போங்க கா.
அங்க ஒரு ஆடு வருது.
அந்த ஆட்டுக்காகவே வாசிக்கலாம்."

"கதைக்காத கா, அளவு பிழைக்கும்" என்று
கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தேன்.
நூற்றுப் பத்துக்கு எழுபது.
உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்,
ஆடு உள்ளே நின்று முட்டுவதுபோல.

பின்னேரம் ஐந்தரை. குருமண்வெளித் துறை.
நான் இறங்க, ஹெல்மெட் ஏறியது.
இந்த முறை நான் முந்தினேன்:
"நூத்தி அறுபதில ஒரு ஆடு வருதாம்."

"ஆர் சொன்ன?"

சங்கிலி அவிழ்ந்து, தண்ணீர் ஒரு முழம் விரிந்து,
பிறகு பத்து முழம்.
கரையில் நின்று நான் கத்தினேன்:
"வீட்ட போய்க் கேளுங்க!"