போல்ட்டுக் குழம்பு

கல்லைப் போட்டுக் குழம்பு வைத்தவன் கதையை
கம்பம் நட வந்த ஒடிசாக்காரர் பிகாஷ்
கையால் பாதி, வாயால் பாதி சொன்னார்.
கல்லில்லை, ஆணி என்றார் ஜெசிந்தா டீச்சர்.
கோடாலி என்றார், கப்பலில்
குளிர்நாடு போய்வந்த காசிம் பாவா.

தலைஞாயிற்றில் கல்லுக்கு எங்கே போக?
பனையுயரம் தோண்டினாலும் வண்டல்.

புயலில் சாய்ந்த கம்பத்தின் போல்ட்டைக்
கழுவிக் கொதிநீரில் போட்டார்.
"உப்பு மட்டும் இருந்தால்..." என்று இழுத்தார்.

கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும்.
தெரியாத முகத்தோடே எழுந்து போனோம்.
விழுந்த முருங்கையின் கீரை,
நனைந்த அரிசி அரைப்படி,
பாப்பம்மாள் ஒளித்துவைத்திருந்த கருவாடு.
அதற்குத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

பதினோராம் நாள் கரண்ட் வந்தது.
எங்கள் தெருக் கம்பத்தில் மட்டும்
காக்கை உட்கார்ந்து
இரும்பைக் கொத்துகிறது.